இடைவேளைக்குப் பிறகு எல்லாரும் வருவார்கள்

எனக்கு ஹிந்தி தெரியும் என்று நான் நம்பியிருந்தேன். நான் மட்டும் நம்பிக்கொண்டு வீட்டில் இருந்திருந்தால் ஒருவருக்கும் தீங்கில்லை. களுவாஞ்சிக்குடிச் சந்தையைச் சுற்றியிருந்த அரைவாசிச் சனத்தையும் நம்பவைத்திருந்தேன். குற்றம் அங்கேதான் தொடங்குகிறது.

நம்பிக்கை வந்த விதத்தைச் சொல்கிறேன். இந்திய இராணுவம் எங்கள் பகுதியில் நின்ற காலம். எனக்குப் பத்தொன்பது வயது. சைக்கிளில் போன என்னை மறித்த சிப்பாய் அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு ஏதோ கேட்டார். ஒன்றும் விளங்கவில்லை. என் வாய் என்னிடம் ஒரு சொல் கேட்காமல், காலையில் வானொலியில் கேட்டிருந்த ஹிந்திக் காதல் பாட்டொன்றின் இரண்டு வரியைப் பாடிவிட்டது. வெறுமனே அல்ல, ராகத்தோடு. வயலின் வருகிற இடத்தில் மூக்கால் வயலினும் வாசித்தேன். சிப்பாய் சிரித்தார். பக்கத்தில் நின்றவரைக் கூப்பிட்டு இன்னொரு தரம் பாடவைத்தார். அட்டை கைக்கு வந்தது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "ஹிந்தியில கதைச்சுத் தப்பிட்டன்" என்றேன்.

"கதைச்சியா, கத்தினியா?" என்றார் அம்மா. பிறகு, "இனி அந்தப் பாஷை இந்த வீட்டுக்குள்ள வரப்படா" என்று வானொலியைத் தூக்கி அலுமாரிக்கு மேல் வைத்தார். அவருக்கு அது சப்பாத்துச் சத்தத்தோடு வந்த பாஷை. எனக்கு அது என் உயிரைக் காத்த பாஷை. ஒரே வீட்டுக்குள் இரண்டு ஹிந்தி இருந்தது.

பிறகு நான் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு ரெக்கோர்டிங் பார் போட்டேன். சனம் பாட்டுப் பட்டியல் எழுதிக்கொண்டு வரும். நான் வெற்றுக் கசெற்றில் பதிந்து கொடுப்பேன். பட்டியலில் பன்னிரண்டும் தமிழ்ப் பாட்டாக இருந்தாலும் கடைசியில் மிஞ்சுகிற இடத்தில் நான் ஒரு ஹிந்திப் பாட்டைச் செருகிவிடுவேன். கேட்கிறவர்கள் முதலில் ஏசுவார்கள். இரண்டு கிழமையில் திரும்பி வந்து, "அந்தக் கடைசிப் பாட்டுப் போல இன்னும் ரெண்டு போடுங்க" என்பார்கள். இப்படித்தான் ஊரைக் கெடுத்தேன்.

ஹிந்திப் பாட்டைப் பற்றி எனக்கு அப்போதே உறுதியான கருத்துகள் இருந்தன. அதில் சிலதை இன்னும் விடவில்லை. அவர்களுடைய பாடகிகளின் குரல் மெல்லியது. சீனிப்பாகை விரலில் தொட்டு இழுத்தால் வருகிற நூல் மாதிரி, எங்கே அறுமோ என்று நாம் மூச்சைப் பிடிக்கவேண்டும். ஆண்கள் எல்லாரும் தடிமன் பிடித்த மூக்கோடு காதலிக்கிறார்கள். அழுகைப் பாட்டில் புல்லாங்குழல் வந்தால் அந்தத் தாய் பிழைக்கமாட்டாள். வயலின் கூட்டமாக வந்தால் பிழைப்பாள். தமிழ்ப் பாட்டில் கவிஞர் நடுவில் வந்து நம் தலையில் ஒரு குட்டுக் குட்டிப் புத்தி சொல்வார். ஹிந்தியில் அந்தத் தொல்லை கிடையாது. அர்த்தம் தெரியாததால் எல்லாமே உயர்ந்த கவிதை.

இன்னொரு வசதியும் இருந்தது. சோதனைச் சாவடியில் தமிழ்க் கசெற்றைக் கண்டால் போட்டுக் காட்டச் சொல்வார்கள். உள்ளே இயக்கப் பாட்டு இருக்கிறதா என்று சந்தேகம். ஹிந்திக் கசெற்றைக் கண்டால் காவலுக்கு நிற்கிற சிங்களப் பையன் முகம் மலர்ந்து ஒரு வரி பாடிக் காட்டுவான். களப்பு என்கிற உப்பேரிக்கு அந்தப் பக்கம் இயக்கத்தின் ஆட்சி. அங்கே சினிமாப் பாட்டென்றாலே முகம் சுளிப்பு. ஆனாலும் சாரத்து மடிப்பில் ஒளித்துக்கொண்டு போனவர்களை எனக்குத் தெரியும்.

கடைக்கு வருகிறவர்கள் அர்த்தம் கேட்கத் தொடங்கினார்கள். தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"இதில என்ன சொல்லுறாள்?"

"நீ வராட்டி இந்த ஆறு திரும்பி மலைக்குப் போயிடும் எண்டுறாள்."

"அவன்?"

"ஆறு போனாப் போகட்டும், நீ இரு எண்டுறான்."

தலையை ஆட்டிக்கொண்டு போவார்கள். ஒரு பெடியன் நான் சொன்ன அர்த்தத்தைக் கடிதத்தில் எழுதிக் கல்யாணமே முடித்தான். படக் கதைகளும் அப்படித்தான். கடை வீடியோவில் படம் ஓடும்போது பக்கத்தில் நின்று கதை சொல்வேன். ஹிந்திப் படத்துக்குக் கதை சொல்லப் பாஷை எதற்கு? திருவிழாவில் பிள்ளை தொலையும். ஒருவன் பொலிஸ் ஆவான், ஒருவன் கள்ளன் ஆவான். புருஷன் கப்பலோடு தாழ்ந்து போவான். இடைவேளைக்குப் பிறகு தாடியோடு வருவான். தாயின் பாட்டை யாரோ ஒருவர் பாட, எல்லாரும் ஒருவரை ஒருவர் கண்டுகொள்வார்கள். ஹிந்திப் படத்தில் காணாமல் போனவர் சாவது கிடையாது. அது அவர்களுடைய சட்டம். எங்கள் மாவட்டத்தில் காணாமல் போனவர்கள் வீட்டுக்கு ஒருவராவது இருந்த காலத்தில் அந்தச் சட்டம் எனக்குப் பிடித்திருந்தது. மற்றவர்களுக்கும் பிடித்துத்தான் இருந்தது. என் கடையில் சனம் அதிகம் அழுதது கடைசி ரீலுக்குத்தான்.

என் மனைவி மட்டும் நம்பவில்லை. "ஹிந்திப் பண்டிதர் சாப்பிட வாறீங்களா?" என்று கூப்பிடுவாள். "சோறுக்கு ஹிந்தியில என்ன?" என்று ஒருநாள் கேட்டாள். பாட்டில் யாரும் சோறு தின்பதில்லை என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது.

இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு கிறிஸ்மசுக்கு, எங்கள் நத்தாருக்கு, அடுத்த நாள் காலையில் கடல் வந்தது. எங்கள் வீடு பெரிய தெருவுக்குக் களப்புப் பக்கம். தண்ணீர் தெருவைத் தாண்டவில்லை. கடையில் ஒரு கசெற்கூட நனையவில்லை. கடற்கரைப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்து இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். என்னால் பேசாமல் இருக்க முடிகிறது என்று மனைவி பயந்தாள்.

நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ விதானையார் வீட்டுக்கு வந்தார். கிராம சேவகரைத்தான் நாங்கள் இன்றும் விதானையார் என்கிறோம். சேட்டில் சேறு, கண்ணில் நித்திரை இல்லை.

"தம்பி, வாங்க. கல்லாத்துப் பள்ளிக்கூடத்துக்கு வட இந்தியாவில இருந்து வைத்தியமாரு வந்திருக்காங்க. அவங்களோட இங்கிலீசில கதைக்க வாத்தியார் நிக்கிறாரு. மருந்து கட்டுற ஆளுக்கு ஹிந்தி மட்டும்தான். உங்களுக்குத் தெரியும்தானே?"

அந்த இடத்தில் நான் சொல்லவேண்டிய சொல் மிகச் சின்னது. மனைவி குசினி வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான், "ஓம், தெரியும்" என்று சொல்லிவிட்டுச் சேட்டை மாட்டினேன்.

முதல் ஒரு மணித்தியாலம் நன்றாகவே போனது. மருந்து கட்டுகிறவர் ஐம்பது வயதான பருத்த மனிதர், நரைத்த மீசை, கையில் நல்ல பக்குவம். காயத்துக்குப் பாஷை தேவையில்லை. அவர் ஏதோ சொல்வார். நான், "நோகும், பல்லைக் கடிச்சுக்கொள்ளுங்க" என்பேன். அவர் ஏதோ சொல்வார். நான், "தண்ணி படாமப் பாத்துக்கொள்ளட்டாம்" என்பேன். எல்லாம் பொருந்திப் போனது. சனம் என்னை மரியாதையோடு பார்த்தது. அந்தச் சாவு நாற்றத்துக்கு நடுவில் எனக்குள் ஒருவன் நெஞ்சை நிமிர்த்தினான். இதை எழுதத்தான் கை கூசுகிறது.

பிறகு அந்த அக்கா வந்தார். கல்லாற்றுக்காரர், நாற்பது வயது இருக்கும். காயம் இல்லை. கையில் ஒரு கல்யாணப் படம், நடுவில் வெட்டிப் புருஷன் மட்டும் இருந்த பாதி. மீன்பிடிக்காரர். ஞாயிற்றுக்கிழமை காலை வலை காயப்போடக் கரைக்குப் போனவர்.

"தம்பி, இவர் எல்லாக் காயக்காரரையும் பாத்திருப்பாருதானே. இந்த முகத்தக் கண்டாரா எண்டு கேளுங்க" என்றார்.

நான் படத்தை வாங்கி மருந்து கட்டுகிறவரிடம் நீட்டினேன். கேள்வியை ஹிந்தியில் கேட்க எனக்குத் தெரியாது, புருவத்தால் கேட்டேன். அவர் படத்தை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு அந்த அக்காவின் முகத்தைப் பார்த்துப் பேசத் தொடங்கினார். நிறையப் பேசினார். மேற்குப் பக்கம் கை காட்டினார். தன் காலைத் தொட்டார், தோளைத் தொட்டார். கடைசியில் இரண்டு கையையும் நிலத்தைப் பார்த்து அமர்த்திக் காட்டினார். குரலில் இரக்கம் இருந்தது. அது மட்டும்தான் எனக்கு விளங்கியது.

"என்னவாம் தம்பி?"

வரிசையில் நின்ற எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பத்தொன்பது வயதில் பாடிய வாய் முப்பத்தைந்து வயதிலும் என்னைக் கேட்கவில்லை.

"கண்டவராம் அக்கா. கால்லதான் காயமாம். அம்பாறைக்கு ஏத்திப் போயிட்டாங்களாம். பயப்பட ஒண்டுமில்லையாம்."

அவர் என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மருந்து கட்டுகிறவர் அதைப் பார்த்துத் தலையை அசைத்தார். அவர் சொன்னதைத்தான் நான் சொன்னேன் என்று அந்த மனிதரும் நம்பினார். அக்கா தெருவுக்கு ஓடி, நிவாரணச் சாமான் இறக்கிவிட்டுத் திரும்பிய லொறியொன்றில் ஏறிப் போனதைக் கண்டேன்.

அதற்குப் பிறகு நான் அரை மணித்தியாலம்தான் அங்கே நின்றேன். தலை சுற்றுகிறது என்று விதானையாரிடம் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து போர்த்துக்கொண்டு படுத்தேன்.

மனைவி நெற்றியில் கை வைத்தாள். "காய்ச்சல் எண்டா உடம்பெல்லாம் சுடணும். உங்களுக்கு முகம் மட்டும்தான் சுடுது. என்ன செஞ்சீங்க?"

"ஒரு பொய் சொல்லிட்டன்."

"அது நாளாந்தம் நடக்கிறதுதானே."

முழுவதையும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் போர்வையின் ஓரத்தை மடித்து மடித்து விரித்தாள். "நாளைக்கு விடியப் போய் அந்தப் பொம்புளையத் தேடிப் பிடிச்சு, எனக்கு விளங்கல்ல, நானாத்தான் சொன்னன் எண்டு சொல்லுங்க. அடிச்சா வாங்கிக்கொள்ளுங்க" என்றாள்.

மறுநாள் விடியப் போனேன். வீட்டு ஒழுங்கை முடிந்து தெருவில் ஏறுகிற இடம் வரை போனேன். அங்கே நின்று யோசித்தேன்: ஒருவேளை அம்பாறையில் அவர் புருஷன் இருந்துவிட்டால்? அப்படியும் நடக்கலாம்தானே. எத்தனை படத்தில் நடந்திருக்கிறது. நான் போய் உண்மையைச் சொல்லி அதைக் கெடுப்பானேன்? இவ்வளவு முட்டாள்தனத்தை ஒருவன் நின்ற நிலையில் யோசிக்கலாம் என்பதற்கு நானே சாட்சி. திரும்பி வந்து மறுபடி படுத்தேன். பிறகு வைத்தியர் குழு வேறு ஊருக்குப் போய்விட்டது என்று கேள்விப்பட்டேன். எனக்கு ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதலையும் சேர்த்துத்தான் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

ஒளிந்து திரியும் காலம் தொடங்கியது. அந்த அக்கா சந்தைக்கு வருவார். தூரத்தில் அவர் நடையைக் கண்டாலே நான் மறைந்துவிடுவேன். நெற்றியில் பொட்டு இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். இருந்தால் இன்னும் காத்திருக்கிறார்; இல்லாவிட்டால் முடிந்துவிட்டது. ஆனால் பொட்டுத் தெரிகிற தூரத்துக்கு நான் ஒருபோதும் கிட்டப் போகவில்லை. ஒருநாள் சலூனுக்குள் புகுந்தேன். புகுந்த குற்றத்துக்குச் சவரம் செய்யவேண்டி வந்தது. அதே கிழமை இன்னொரு தரம் புகுந்தேன். சவரம் செய்ய ஒன்றும் இல்லை. பதற்றத்தில், "மொட்டை அடியுங்க" என்று சொல்லிவிட்டேன். மொட்டைத் தலையோடு வெளியே வந்த என்னிடம் ஊரெல்லாம், "ஆரு செத்த?" என்று கேட்டது. நேர்த்திக்கடன் என்றேன். அதுவும் பொய்.

கடையில் ஹிந்திப் பாட்டை நிறுத்தினேன். கேட்டவர்களுக்கு, "மெஷினில ஹெட் பழுது, தமிழ் ஏறுது, ஹிந்தி ஏறுதில்ல" என்றேன். அதையும் நம்பினார்கள். என் ஊர்ச் சனம் இவ்வளவு நல்லவர்களாக இருக்கக்கூடாது. ஆனால் கடையைப் பூட்டிவிட்டுத் தனியே பழைய படங்களைப் போட்டுப் பார்த்தேன். கடைசி ரீல் மட்டும். தாடியோடு வருகிறவன் ஒவ்வொரு முறையும் வந்தான். எனக்கு அவன் மேல் கோபம் வந்தது. புதுப் படங்கள் வேறு வந்திருந்தன; அரசாங்கக் கச்சேரிக் கட்டடம் அளவு வீட்டில் ஹெலிகொப்டரில் வந்து இறங்கித் தகப்பனின் காலில் விழுவார்கள், பனிமலையில் மெல்லிய சேலையோடு ஆடுவார்கள். அந்தப் படங்களிலும் எல்லாரும் திரும்பி வந்தார்கள்.

பிறகு மறுபடி சண்டை. வாகரைப் பக்கத்தில் கடல் விட்டுவைத்த சனம் ஷெல்லுக்குத் தப்பி எங்கள் பக்கம் வந்து கூடாரங்களில் இருந்தது. கிழக்கில் ஓய்ந்தது வடக்குக்குப் போய், ஒருநாள் முடிந்தது என்று ரீவியில் சொன்னார்கள். தெருவில் வெடி கொளுத்தினார்கள். நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தோம். அந்த மாதங்களில் காணாமல் போனவர்களின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு பெண்கள் கூடத் தொடங்கினார்கள். பிளாஸ்ரிக் உறைக்குள் போட்ட படம். தடுப்பு முகாமிலிருந்து யாராவது வந்தார்கள் என்றால் அங்கே போவார்கள், "இந்த முகத்தக் கண்டீங்களா?" என்று கேட்பார்கள். கண்டேன் என்று சொல்ல எத்தனை பேருக்கு வாய் உன்னியிருக்கும்? எத்தனை பேர் சொல்லியும் இருப்பார்கள்? ஒரு பஸ் நிலையத்தில் அப்படி ஒரு தாய் என்னிடமே படத்தை நீட்டினார். "தெரியா அம்மா, எனக்கு ஒண்டும் தெரியா" என்று நான் கத்தியதில் அவர் பயந்து பின்னால் போனார்.

அந்த வருடம் ஆடி அமாவாசைக்கு மனைவி என்னை அமிர்தகழிக்கு இழுத்துப் போனாள். தகப்பன் இல்லாதவர்கள் அன்று அங்குள்ள மாமாங்கத் தீர்த்தத்தில் முழுகிப் பிதிர்க்கடன் செய்வார்கள். தகப்பன் உயிரோடு இருக்கிறவன் செய்யமாட்டான், செய்யவும் கூடாது. நான் என் அப்பாவுக்காக முழுகிவிட்டு ஈரத்தோடு படியேறும்போது கண்டேன். அந்த அக்கா கரையில் நின்றார். அவருடைய வளர்ந்த மகன் ஐயர் சொல்லச் சொல்ல எள்ளும் தண்ணீரும் இறைத்துக்கொண்டிருந்தான்.

மகன் பிதிர்க்கடன் செய்கிறான் என்றால் தகப்பன் இல்லை என்று அவர்களுக்குத் தெரியும். இவ்வளவு காலமும் அவர் என் சொல்லை நம்பிக் காத்துக்கொண்டிருக்கிறார் என்று நான் பயந்தது வீண். சந்தோஷப்படலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கையில் அவர் என்னைக் கண்டுவிட்டார்.

"ஹிந்தித் தம்பி!"

நான் ஓடத் திரும்பினேன். மனைவி என் ஈர வேட்டியின் முந்தியைப் பிடித்துக்கொண்டாள். "ஓடுங்க பாப்பம், வேட்டிய விட்டிட்டு" என்றாள் மெதுவாக.

அக்கா கிட்ட வந்தார். பொட்டு இல்லை.

"அக்கா," என்றேன், "அண்டைக்கு அவரு சொன்னதில ஒரு சொல்லும் எனக்கு விளங்கல்ல. நானாத்தான் சொன்னன்."

"தெரியும். மறுநாளே தெரியும். வெளிநாட்டில ஹிந்திக்காரரோட வேலை செஞ்ச காத்தான்குடி முஸ்லிம் காக்கா ஒராள் அண்டைக்கு வந்து நிண்டாரு. அவரக் கொண்டு அந்த மருந்து கட்டுறவருக்கிட்டத் திரும்பவும் கேட்டன்."

"பிறகு ஏன் அக்கா வந்து எனக்கு ஏசல்ல?"

"ஏசத்தான் வந்தன். ரெண்டு தரம் வந்தன். நீங்க சலூனுக்குள்ள பூந்திட்டீங்க. மறுகா மொட்டையோட நிண்டீங்க. உங்கட வீட்டிலயும் ஆரோ போயிட்டாங்களாக்கும் எண்டு பாவம் பாத்திட்டுப் போயிட்டன்."

மனைவி வேட்டியை விட்டுவிட்டாள். நான் ஓடவில்லை. "அந்தக் காக்கா என்ன சொன்னாரு?" என்று கேட்டேன். அக்கா சொன்னார். குரல் உயரவில்லை, பக்கத்து வீட்டில் நடந்ததைச் சொல்வது போலச் சொன்னார்.

மருந்து கட்டுகிறவர் அன்று சொன்னது இது: நான் நேற்றுத்தான் வந்தேன், இவரைக் காணவில்லை. மேற்கே களப்பிலிருந்து இன்னும் படகில் எடுத்து வருகிறார்கள். காலிலோ தோளிலோ மச்சம், தழும்பு இருந்தால் அங்கே நிற்பவர்களிடம் சொல்லிவிட்டு, இன்றைக்கு அங்கேயே இருங்கள்.

அக்கா அம்பாறைக்குப் போய் ஆசுபத்திரியின் ஒவ்வொரு கட்டிலாகத் தேடினார். பின்னேரம் மூன்று மணியளவில் கல்லாற்றுக் களப்பிலிருந்து அவருடைய புருஷனைக் கொண்டுவந்தார்கள். அடையாளம் சொல்ல ஆள் இருக்கவில்லை. உடம்பு வைத்திருக்கக்கூடிய நிலையில் இல்லை என்பதால் வேறு நாலு பேரோடு சேர்த்து அன்றே புதைத்தார்கள். அக்கா திரும்பி வரும்போது பொழுதுபட்டுவிட்டது. மறுநாள் அவரிடம் ஒரு நீலக் கட்டம் போட்ட சேட்டைக் காட்டினார்கள். அவர் அதைத் தன் புருஷனுடையது என்று சொன்னார்.